கறுப்புப் பூச்சுக்குக் கீழே கறள்: ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று விற்றவர்களிடம் என்ன கேட்கலாம்?

ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் டீலரின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விஷயம் மட்டும் இதுதான்.

சொந்த ஊர் வடமராட்சிக் கரையோரம். கனடாவுக்கு வந்து சில வருடங்கள்தான். ஏஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. தினமும் 401 நெடுஞ்சாலையில் போய்வருகிறார். போன ஒக்ரோபரில் ஒரு டீலரிடம் 2017-ஆம் ஆண்டு எஸ்யூவி ஒன்றைப் பழையதாக வாங்கினார். கையெழுத்து வைக்கும் மேசையில், “இந்த ஊர் உப்பு காரைத் தின்றுவிடும்” என்று சொல்லி, அடிப்பாகத்துக்குக் கறுப்பு ரப்பர் பூச்சும், பற்றறியோடு இணைக்கும் ‘எலெக்ட்றோனிக் கறள் தடுப்பு’ப் பெட்டியும் சேர்த்து 1,400 டொலருக்கு விற்றிருக்கிறார்கள். ஆயுளுக்கும் உத்தரவாதம் என்றார்களாம். பனி முடிந்து ரயர் மாற்றப் போன இடத்தில் காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், பின்பக்கச் சப்ஃபிரேமில் (பின் சில்லுகளைத் தாங்கும் கைகள் பொருந்துகிற இரும்புச் சட்டத்தில்) பூச்சு கொப்புளித்துக் கிடப்பதையும், அதற்குக் கீழே இரும்பு உரிவதையும், பிறேக் குழாய்கள் கறள் பிடித்திருப்பதையும் காட்டியிருக்கிறார்.

ஊரிலிருந்து அப்பா, “கழிவு ஒயில் வாங்கி அடி, லொறிக்காரர் எல்லாம் அதைத்தான் செய்யிறவை” என்கிறார். மச்சான், “சூடான நிலக்கீழ் பார்க்கிங்கில் விட்டால் கறள் பிடிக்காது” என்கிறார். மனைவி, “வித்துப்போட்டு வேற வாங்குவம்” என்கிறார். தம்பியோ, “வாங்கிப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாம், விட்டுவிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. இனி ஒன்றும் செய்ய ஏலாதுதானே?” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. பிறேக் குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பிறேக், பிறகுதான் மற்றதெல்லாம்

பிறேக் எண்ணெய் காரின் முன்பக்கத்திலிருந்து பின் சில்லுகளுக்குப் போவது பென்சிலை விட ஒல்லியான இரும்புக் குழாய்களில். அவற்றின் சுவர் மெல்லியது. மேல் தோல் மட்டும் பழுப்பாகியிருந்தால் அவசரமில்லை. குழி விழுந்து, விரல் நகத்தால் சுரண்டும்போது பொருக்கு உதிர்ந்தால், அந்தக் குழாய் உடைவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது உடைவதும் பெரும்பாலும் நீங்கள் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கிற நேரத்தில்தான், ஏனென்றால் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். பிறேக் அமைப்பு இரண்டு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் நிற்கத் தேவையான தூரம் கூடிவிடும். 401-இல் அந்தத் தூரம் கிடைக்காது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய பிக்கப் வண்டிகளில் பிறேக் குழாய் கறள் பிடிப்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 2015-இல் அந்தக் கோப்பை மூடியது. வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடவில்லை. உப்புப் போடும் மாநிலங்களில் இருப்பவர்கள் பனிக்காலம் முழுக்க அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைப் பரிசோதியுங்கள் என்று அறிவுறுத்தியது. அதாவது பழைய வண்டியின் கறள் அதன் சொந்தக்காரரின் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே இந்த வாரமே, பூச்சு விற்காத, உங்களுக்குத் தெரிந்த ஒரு கராஜில் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமென்றால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைக் கேளுங்கள். அதற்கு இரும்புக் கறள் பிடிக்காது, வளைப்பதும் சுலபம். சப்ஃபிரேமில் சில்லைத் தாங்கும் கைகள் பொருந்தும் இடத்துக்குக் கிட்ட ஓட்டை இருந்தால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். மற்ற இடங்களில் பொருக்கு மட்டும் என்றால் அவகாசம் உண்டு.

பூச்சுக்குக் கீழே நடந்தது என்ன

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். இரும்பு அடுக்கடுக்காக உரிகிற அளவுக்கு ஒரே பனிக்காலத்தில் கறள் வராது. உங்கள் வண்டி 2017-இல் வந்தது. நீங்கள் வாங்குமுன்னரே அது பல பனிக்காலங்களைக் கண்டுவிட்டது. அந்தக் கறளைச் சுரண்டாமல், கழுவிக் காயவிடாமல், அதன்மேலேயே கறுப்பு ரப்பரை அடித்திருக்கிறார்கள். இது ஊகம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படியான வண்டியைத் தூக்கி, கொப்புளத்தின் மேல் ஸ்குறூ ட்றைவரின் பிடியால் தட்டினால் டொக் என்று வெறுமையான சத்தம் கேட்கும். நுனியால் குத்தினால் முதலில் பழுப்புத் தண்ணீர் வடியும். பிறகு ரப்பரின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரும்பு வெங்காயச் சருகுபோலக் கழன்று வரும். ரப்பர் இரும்பைப் பிடித்திருக்கவில்லை, கறளைத்தான் பிடித்திருந்தது.

ரப்பர் பூச்சே கூடாத பொருள் என்று சொல்ல மாட்டேன். புத்தம்புது இரும்பில், தொழிற்சாலையில், முறையாக அடித்தால் அது கல் தெறிப்பைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். பழைய வண்டியில் அது காய்ந்து வெடிக்கும்போதுதான் ஆபத்து. வெடிப்புக்குள்ளால் உப்புத் தண்ணீர் போகும், வெளியே வர வழியிருக்காது. கதவுகளின் அடியிலும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் படிக்கட்டுப் பெட்டியின் அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவசரத்தில் அடிப்பவர்கள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். உங்கள் வண்டியில் அந்த ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஊர் உப்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ரொறொன்ரோ நகரம் மட்டும் ஒரு பனிக்காலத்துக்கு ஏறத்தாழ 130,000 தொன் உப்பைத் தெருவில் கொட்டுகிறது.   சாதாரண உப்பு, பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையை நெருங்கும்போது வேலை செய்வது குறைந்துவிடும். அதனால் கடுங்குளிரில் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்த கரைசலைத் தெளிப்பார்கள். காருக்கு மோசமானவை இவைதான். காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்களே இழுத்துக்கொள்ளும். தெரு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிற நாளிலும் உங்கள் காரின் மூட்டுகளுக்குள் ஈரம் இருக்கும். 2001-இல் கனடிய அரசே வீதி உப்பைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று மதிப்பிட்டது. இருந்தாலும் கொட்டுகிறார்கள், கொட்டத்தான் வேண்டும். வழுக்கிச் சாகிறவர்களைவிடக் கறள் பிடித்த கார்கள் பரவாயில்லை.

அந்தப் பெட்டி

எலெக்ட்றோனிக் பெட்டி உங்கள் காரில் வேலை செய்யவில்லை, செய்யவும் போவதில்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு உண்மையான விஞ்ஞானம் இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நீங்கள் கடற்கரை ஊர்க்காரர், உங்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். அவுட்போட் மோட்டாரின் காலில் ஒரு நாகத் (துத்தநாகம், zinc) துண்டு பூட்டியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னும், மோட்டாரின் உலோகம் தப்பும். கப்பலின் அடிக்கும் நிலத்தில் புதைத்த எண்ணெய்க் குழாய்க்கும் மின்சாரம் கொடுத்துக் காப்பதும் இதே வழிதான். எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: காக்க வேண்டிய உலோகம் முழுவதும் தொடர்ச்சியாகத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ அமிழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மின்னோட்டம் ஒரு சுற்றாக ஓடும். மோட்டாரைக் கரையில் ஏற்றி வைத்தால் அந்த நாகத் துண்டால் எந்தப் பயனும் இல்லை. கார் நிற்பது காற்றில், ரப்பர் ரயர்களின் மேல். அங்கே ஒரு சொட்டு, இங்கே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். பெட்டியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பின் சப்ஃபிரேமுக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

1990-களிலேயே அமெரிக்காவின் வணிக ஆணையம் இப்படியான ஒரு பெட்டியை விற்ற நிறுவனத்தின் மீது, ஆதாரமில்லாத கூற்று என்று நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் இன்றைக்கும் வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள். சின்ன விளக்கு மினுங்குவதைப் பார்த்தால் ஏதோ நடக்கிறது என்று தோன்றும்.

காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பத்து நாள் விஷயத்தில் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து விற்பவர்களிடமும் உடற்பயிற்சிக்கூடச் சந்தாவிலும் பத்து நாள் மனம் மாறும் உரிமை உண்டு. டீலரிடம் போய் வாங்கிய காருக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. ஆகவே நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

உங்களுக்கு இருக்கும் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் விதமாகவோ சொல்லி விற்றிருந்தால், ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து அதை ரத்துச் செய்யக் கோரலாம். ஒக்ரோபர் என்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ‘கையெழுத்துப் போட்டாச்சு’ என்பதோடு எல்லாம் முடிந்துபோவதில்லை. அதே நேரம், முழுக் காரையும் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். உங்கள் கையில் பலமாக இருப்பது அந்த 1,400 டொலர் பற்றிய முறைப்பாடுதான்.

போகுமுன் சில வேலைகள். கொப்புளங்களைத் திகதியோடு படம் எடுங்கள், சுரண்டுவதற்கு முன்னும் பின்னும். பார்த்த மெக்கானிக்கிடம் இரண்டு வரியாவது எழுதி வாங்குங்கள்: கறள் பூச்சுக்கு முந்தியது, மேற்பரப்பைத் தயார்செய்யாமல் அடித்திருக்கிறார்கள் என்று. உங்கள் சேஃப்டி சான்றிதழின் (வண்டி ஓட்டப் பாதுகாப்பானது என்று பரிசோதித்துக் கொடுக்கும் பத்திரம்) திகதியையும் பூச்சு அடித்த திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூச்சு அடித்த பிறகு சேஃப்டி போட்டிருந்தால், பரிசோதித்தவர் சப்ஃபிரேமை எப்படிப் பார்த்தார் என்பது நல்ல கேள்வி. பிறகு உத்தரவாதப் பத்திரத்தின் பின்பக்கத்தைப் பொறுமையாக வாசியுங்கள். இப்படியான பத்திரங்களில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் சின்ன எழுத்தில் இருக்கும்: ஒன்று, வருடம் தவறாமல் அவர்களிடமே பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும், மற்றது, உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்த உடல் தகட்டுக்கு மட்டுமே பொறுப்பு. சப்ஃபிரேமும் பிறேக் குழாயும் உடல் தகடு அல்ல. ‘ஆயுள்’ என்று அட்டையில் இருப்பதைச் சின்ன எழுத்து வருடத்துக்குள்ளேயே சுருக்கிவிடும்.

டீலரிடம் முதலில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் இல்லை என்றால், டீலர்களுக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ மோட்டார் வாகனத் தொழில் பேரவை, அதுதான் ஓம்விக், முறைப்பாட்டை இலவசமாக எடுத்து இரு தரப்போடும் பேசும். அதற்கும் மசியாவிட்டால் சிறுகோரிக்கை நீதிமன்றம். நான் வழக்கறிஞர் இல்லை. அந்தப் படிக்குப் போகுமுன் ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்தில் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். இன்னொன்று: காரைக் கடனில் எடுத்திருந்தால், தவணைப் பணத்தைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது வங்கி. கெடுவது உங்கள் கடன் வரலாறு.

அப்பா, மச்சான், மனைவி

அப்பா சொன்னதில் பாதி சரி. இந்தக் காலநிலைக்கு இறுகிக் காயாத ஒயில்தான் நல்ல மருந்து. அது மூட்டுகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் தானே ஊர்ந்து போகும், ஈரத்தைத் தள்ளிவிடும், ஏற்கனவே இருக்கும் கறளிலும் ஊறும். ஆனால் கழிவு எஞ்சின் ஒயில் வேண்டாம். எஞ்சினுக்குள் எரிந்ததில் உண்டான அமிலமும் உலோகத் துகளும் அதில் இருக்கும், ரப்பர் உறைகளைக் கெடுக்கும். வீட்டு வாசலில் சொட்டி, மழைநீர்க் கால்வாயில் இறங்கினால் சூழல் சட்டமும் உங்களைத் தேடி வரும். ஊரில் லொறிச் சட்டத்துக்கு அடித்தார்கள் என்றால், வேறு பொருள் கைக்கு எட்டவில்லை என்பதுதான் காரணம். இங்கே இதற்கென்றே செய்த, சொட்டி வழியும் ஒயிலை அடிக்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரு தடவைக்கு ஏறத்தாழ இருநூறு டொலர் அளவில் முடியும். பிறேக் தட்டிலும் புகைக்குழாயிலும் படாமல் அடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரே குறை, வெளியில் தெரியும் இடங்களில் ஒரு வருடத்தில் கழுவுண்டு போய்விடும். ஆகவே வருடா வருடம் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் ஆயுளுக்கும் காப்பு என்று யார் எதை விற்றாலும் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

மச்சான் சொன்னது நேர்மாறு. கறள் பிடிப்பது ஒரு இரசாயன மாற்றம். சூடு கூடக்கூட வேகம் கூடும். வெளியே மைனஸ் பதினைந்தில் நிற்கும் காரில் உப்புச்சேறு உறைந்து கிடக்கும், கறளும் கிட்டத்தட்ட உறங்கும். அதே காரைக் கழுவாமல் சூடான நிலக்கீழ்த் தளத்தில் விட்டால், சேறு உருகி இரவு முழுக்க மூட்டுகளுக்குள் வடியும். உள்ளே விடுவதில் தவறில்லை. வேலை முடிந்து வரும் வழியில் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு விடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வரும் நாளாகப் பார்த்துக் கழுவுவது நல்லது. கடுங்குளிரில் கழுவினால் கதவுப் பூட்டு உறைந்து வேலைக்குப் போக முடியாமல் நிற்பீர்கள். அடியில் தண்ணீர் பீய்ச்சும் வசதி உள்ள இடமாகத் தேடுங்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரா, சுழற்சித் தண்ணீரா என்றும் கேளுங்கள். சுழற்சித் தண்ணீர் என்றால் முந்தின காரின் உப்பும் உங்களுக்குத்தான்.

மனைவி சொல்வதை உடனே தள்ளிவிட மாட்டேன். சப்ஃபிரேம் ஓட்டையாகி, மாற்றும் செலவு வண்டியின் விலையில் பெரும்பகுதியைத் தின்றால், விற்பது அறிவு. ஆனால் இந்த ஊரில் சேஃப்டி சான்றிதழ் இல்லாமல் வாங்குபவர் நம்பர் பிளேற் போட முடியாது, சான்றிதழும் 36 நாளுக்குத்தான் செல்லும். அந்தச் சோதனையில் இந்தக் கறள் வெளிவரும். உள்ளதைச் சொல்லி, ‘உள்ளபடியே’ என்று குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். கொப்புளத்தின் மேல் புதிதாக இன்னொரு கறுப்புப் பூச்சு அடித்து விற்க மட்டும் யோசிக்காதீர்கள். உங்களுக்குச் செய்ததையே இன்னொருவருக்குச் செய்வதாகிவிடும்.

ஓட்டை இல்லை என்றால் என் யோசனை, வண்டியை வைத்திருங்கள். பூச்சு முழுவதையும் சுரண்ட வேண்டாம். தட்டிப் பார்த்து உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை விடுங்கள். வெறுமையாகச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் உரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, நாலைந்து வெயில் நாள் காயவிட்டு ஒயில் அடியுங்கள். கோடையிலேயே அடித்தால் சூட்டில் நன்றாக ஊர்ந்து உள்ளே போகும். அடித்த ஓரிரு நாள் சொட்டும், வாசலில் அட்டை விரித்து வையுங்கள். கட்டடப் பார்க்கிங் என்றால் முதலே சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வரும். இதை வீட்டில் நீங்களே செய்ய நினைத்தால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்காதீர்கள். தாங்கி வைக்காமல் கீழே போகவே கூடாது.

கடிதத்தின் ஓரத்தில், மனைவிக்கு அடுத்த வருடம் புதுக் கார் எடுக்கும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைய கார்களின் தகடு பெரும்பாலும் நாகம் பூசியது. பல நிறுவனங்கள் உள்ளிருந்து ஓட்டை விழுவதற்கு ஐந்து வருடம் உத்தரவாதம் தருகின்றன. மேசையில் அந்தப் பெட்டியையோ கறுப்புப் பூச்சையோ மறுபடி நீட்டினால், “வேண்டாம், விலையிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். ஏற்கனவே பூட்டியாகிவிட்டது என்று சொன்னால், அதற்கான காசு விளம்பர விலைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். மேலதிகமாகக் கேட்க ஒன்ராறியோ விதி விடாது. அந்தக் காசுக்குப் பல வருட ஒயில் அடிக்கலாம். மின்கார் என்றால் அடிக்குமுன் நிறுவனத்தின் கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மஞ்சள் உயர்மின்னழுத்த வயர்களுக்குக் கிட்ட எதுவும் படக்கூடாது. முதல் ஒயிலை முதல் ஒக்ரோபரிலேயே, உப்பு லொறி தெருவுக்கு வருமுன் அடித்துவிடுங்கள்.